கிளினிக் அட்டையில் எழுதப்படும் வைத்தியர் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று மலையகத்தின் எந்த வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பினாலும், கையில் கிடைக்கும் அட்டையில் நோயின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அதில் பார்க்கின்சன், பெல், கொலிஸ், ரெய்னோ என ஒரு மனிதரின் பெயர் இருந்துவிட்டால் வீட்டில் உள்ளவர்களுக்குக் குழப்பம் கூடிவிடுகிறது. அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பவற்றைப் பற்றித் தோட்டங்களிலும் நகரங்களிலும் மக்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

அட்டையில் இருப்பது என் நோயின் பெயரா, என்னைப் பார்த்த டொக்டரின் பெயரா?

நோயின் பெயர்தான். ஒரு நோயையோ எலும்பு முறிவையோ பரிசோதனையையோ தெளிவாக விவரித்து எழுதிய வைத்தியரின் பெயரை அதற்கே இட்டு வழங்குவது, ஐரோப்பிய மருத்துவத்தில் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய வழக்கம். உங்களைப் பரிசோதித்த வைத்தியர் அட்டையின் கீழே கையொப்பம் இட்டிருப்பார். நோய் நிர்ணயம் எழுதும் இடத்தில் உள்ள பெயருக்கு உரியவரோ பெரும்பாலும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காலமானவர். அப்படி ஒரு டொக்டர் கண்டியில் இருப்பதாக எண்ணி அவரிடம் போகப் புறப்படுபவர்களும் உண்டு என்பதால் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயின் தன்மையைச் சொல்லும் பெயரை வைக்காமல், ஏன் ஒரு மனிதரின் பெயரை வைத்தார்கள்?

தன்மையைச் சொல்லும் பெயர் சில வேளைகளில் தவறான தன்மையைச் சொல்லிவிடும் என்பதே முக்கிய காரணம். இதற்குப் பார்க்கின்சன் நோயை விடச் சிறந்த உதாரணம் இல்லை.

ஜேம்ஸ் பார்க்கின்சன் இலண்டனின் ஹொக்ஸ்டன் பகுதியில் சாதாரண மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1817ஆம் ஆண்டு அவர் எழுதிய சிறு நூலில் 6 மனிதர்களைப் பற்றி விவரித்தார். அவர்களுள் சிலர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்லர். வீதியில் நடந்து போகையில் அவர் கண்டு விசாரித்தவர்கள். ஓய்வாக இருக்கும் கை நடுங்குவதையும், உடல் முன்னோக்கி வளைவதையும், நடக்கத் தொடங்கியவர் தம்மை அறியாமலே ஓட்டமாகப் போய்விடுவதையும் அவர் அவ்வளவு நுணுக்கமாக எழுதினார். நோய்க்கு அவர் இட்ட பெயர் நடுக்கமும் வாதமும் சேர்ந்தது என்று பொருள்படும். சில பத்தாண்டுகளுக்குப் பின்னர் பாரிஸ் நகரில் நரம்பியல் வைத்தியர் ஷார்க்கோ இதே நோயாளிகளை ஆராய்ந்தபோது, எல்லோருக்கும் நடுக்கம் இருப்பதில்லை, கை கால்களின் பலமும் உண்மையில் போய்விடுவதில்லை என்று கண்டார். இல்லாத வாதத்தைச் சொல்லும் பெயரைக் கைவிட்டு, முதலில் விவரித்தவரின் பெயரையே வைக்கலாம் என்று அவர் முன்மொழிந்தார். இன்றும் நம் பகுதிகளில் கை நடுங்காத முதியவர் ஒருவருக்கு இந்த நோய் என்று சொன்னால், நடுக்கமே இல்லையே என்று வீட்டார் மறுத்துப் பேசுவதைப் பார்க்கலாம். சட்டைப் பொத்தானைப் பூட்ட நெடுநேரம் எடுப்பதும், எழுத்து வரவரச் சிறுத்துப் போவதும், முகத்தில் உணர்ச்சி குறைவதும் இந்த நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும்.

அந்நியப் பெயராக இருந்தால் அது பெரிய நோய் என்று அர்த்தமா?

இல்லை. மனிதரின் பெயருக்கும் நோயின் கடுமைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. உதாரணமாக, ஹொட்ஜ்கின் என்ற பெயரைக் கொண்ட நிணநீர்க்கணுப் புற்றுநோய், புற்றுநோய்களுள் நல்ல முறையில் குணப்படுத்தக்கூடியவற்றுள் ஒன்று. அது புற்றுநோய் என்று கேட்டவுடன் சிகிச்சையே வேண்டாம் என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவது, குணமாகக்கூடிய ஒருவரைக் கைவிடுவதாகும்.

பெல் வாதம் என்பது முகத்தின் ஒரு பக்கத்து நரம்பு திடீரெனச் செயலிழப்பது. காலையில் எழுந்து முகம் கழுவும்போது தண்ணீர் வாயின் ஒரு ஓரத்தால் வழியும். ஒரு கண்ணை மூட முடியாது. சிரித்தால் வாய் ஒரு பக்கமாக இழுபடும். குளிர்காற்று அடித்ததால் வந்தது என்று நம்மவர்கள் சொல்வார்கள். சாள்ஸ் பெல் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் 1820களில் முகத்து நரம்புகளின் வேலையைப் பிரித்து அறிந்து எழுதியதால் அவர் பெயர் இதற்கு வந்தது. பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமடைகிறார்கள்.

ஆனால் பாரிசவாதமும் வாயை ஒரு பக்கமாக இழுக்கச் செய்யும். பெல் வாதத்தில் அந்தப் பக்கத்து நெற்றியையும் சுருக்க முடியாது. பாரிசவாதத்தில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், அத்துடன் கை அல்லது கால் பலவீனமும் பேச்சுத் தடுமாற்றமும் சேர்ந்து வரக்கூடும். இந்த வேறுபாட்டை வீட்டில் இருந்தபடி நீங்களே தீர்மானிக்க வேண்டாம். வாய் கோணினால் அதே நேரத்தில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பாரிசவாதம் என்றால் ஒவ்வொரு மணித்தியாலமும் மூளைக்கு முக்கியம். பெல் வாதம் என்றாலும் மருந்தை 3 நாட்களுக்குள் தொடங்குவதே நல்லது. எண்ணெய் தேய்த்துப் பார்த்து ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்புப் போய்விடுகிறது.

காலையில் கொழுந்து பறிக்கப் போகும்போது விரல்கள் வெள்ளையாகிவிடுகின்றன. அட்டையில் ரெய்னோ என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

மலையகத்தில் இதைப் பற்றி இன்னும் அதிகமாகப் பேச வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை மாத விடியலில் பனி படிந்த தேயிலைச் செடிக்குள் கையை விடும் ஒரு பெண்ணுக்கு, இரண்டு மூன்று விரல்கள் நுனியில் இருந்து மெழுகைப் போல வெளுத்து, கோடு போட்டது போல ஓர் இடத்தில் அந்த வெள்ளை நின்றுவிடும். விரல் மரத்துப் போவதால் கொழுந்து கையில் அகப்பட்டதா என்பதே தெரியாது. சிறிது நேரத்தில் அது நீலமாகும். வெயில் ஏறிச் சூடு பட்டதும் சிவந்து குத்தி வலிக்கும். வெள்ளை, நீலம், சிவப்பு என்ற இந்த வரிசையை மோரிஸ் ரெய்னோ என்ற இளம் வைத்தியர் 1862ஆம் ஆண்டு பாரிஸில் தமது பட்டத்துக்கான ஆய்வேட்டில் விவரித்தார். குளிரிலும் மனப்பதற்றத்திலும் விரல்களின் சிறு இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடுவதே இதன் காரணம்.

இளம் வயதில் தொடங்கி, இரு கைகளிலும் ஒரே மாதிரி வந்து, புண் ஏதும் இல்லாமல் இருந்தால் இது பெரும்பாலும் ஆபத்தற்றது. கையுறை மட்டும் போட்டால் போதாது. உடம்பு முழுவதும் சூடாக இருந்தால்தான் விரலுக்கு இரத்தம் வரும் என்பதால், கம்பளிச் சட்டையும் தலைக்குத் துணியும் அவசியம். புகைத்தலை நிறுத்த வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய பின் புதிதாகத் தொடங்கினாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல் நுனியில் புண் தோன்றினாலோ, தோல் இறுகினாலோ, மூட்டு வலி சேர்ந்து வந்தாலோ, உள்ளே வேறொரு நோய் இருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனை தேவைப்படும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டெனொலோல், புரோப்ரனலோல் போன்ற சில மாத்திரைகள் இதைக் கூட்டவும் கூடும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாமல், விரல் வெளுப்பதைக் கிளினிக்கில் சொல்லுங்கள்; வேறு மாத்திரை மாற்றித் தர வழி உண்டு. விரல் வெளுத்திருக்கும் நேரத்தில் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது மிகவும் உதவும். ஏனென்றால் நீங்கள் கிளினிக்கை அடையும்போது விரல் பழைய நிறத்துக்கு வந்திருக்கும்.

மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கொலிஸ் முறிவு என்றால் என்ன?

விழும்போது உள்ளங்கையை ஊன்றுவது இயல்பு. அந்தப் பாரம் முழுவதும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பெருவிரல் பக்கத்து எலும்பில் இறங்கி அதை முறித்து, கையைப் பின்புறமாகத் தள்ளிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் சாப்பாட்டு முள்ளுக்கரண்டியின் வளைவு தெரியும். டப்ளின் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஏப்ரஹாம் கொலிஸ் இதை 1814ஆம் ஆண்டு எழுதினார். றொன்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895இல்தான் என்பதை இதனுடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எலும்பைக் காணும் எந்தக் கருவியும் இல்லாமல், விரலால் தடவி, இழுத்துப் பார்த்து, இது மூட்டு விலகியது அல்ல, எலும்பு முறிந்தது என்று அவர் தீர்மானித்து எழுதியது பின்னர் சரி என்று நிரூபணமானது. இதை வாசிக்கும்போது எனக்கு அந்தக் கைகளின் மேல் பெரிய மதிப்பு ஏற்படுகிறது. பிரான்சில் அவருக்கு முன்பே பூட்டோ என்பவர் இந்த முறிவைப் பற்றி எழுதியிருந்ததால், அங்கே இரு பெயர்களையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

பொதுவாக 6 வாரங்கள் வரை பிளாஸ்டர் போடப்படும். விரல்கள் வீங்கி நீலமானாலோ, மரத்துப் போனாலோ, மருந்துக்கும் அடங்காத வலி வந்தாலோ அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் உடனே திரும்பிப் போங்கள். ஐம்பது வயதைக் கடந்த பெண் ஒருவர் நின்ற நிலையில் விழுந்தே எலும்பை முறித்துக்கொண்டால், எலும்பின் பலம் குறைந்திருக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும். முறிவு ஆறியதும் அந்தக் கேள்வி மறந்துபோகிறது. அடுத்த முறை முறிவது இடுப்பு எலும்பாக இருக்கலாம்.

பெருவிரல் அடியில் வலி. டி குவெர்வெய்ன் என்று எழுதியிருக்கிறார்கள்.

பெருவிரலை அசைக்கும் தசைநார்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிட்டால், பெருவிரலை மடக்கிக் கையைச் சிறுவிரல் பக்கம் சாய்க்கும்போது கடுமையாக வலிக்கும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் 1895இல் விவரித்தது. நாள் முழுவதும் பெருவிரலைப் பாவித்துக் கொழுந்து கிள்ளுபவர்களும், கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாரும் இந்த வலியோடு வருவதைக் காணலாம். ஓய்வும் பட்டியும் முதல் சிகிச்சை. குறையாவிட்டால் ஊசியும் சிறு சத்திரசிகிச்சையும் உண்டு.

பிள்ளை பிறந்தபோது அப்கார் 8 என்று எழுதினார்கள். பத்துக்கு எட்டு என்றால் ஏதும் குறையா?

குறை இல்லை. 7 முதல் 10 வரை நல்ல நிலையே. வேர்ஜினியா அப்கார் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர், நியூயோர்க்கில் மயக்க மருந்துத் துறையில் பணியாற்றியவர், 1953ஆம் ஆண்டு இந்த முறையை வெளியிட்டார். பிறந்து 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் குழந்தையின் நிறம், இதயத் துடிப்பு, தூண்டும்போது காட்டும் அசைவு, தசையின் விறைப்பு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் 0, 1 அல்லது 2 புள்ளி இடப்படும். முதல் நிமிடத்தில் அநேகக் குழந்தைகளின் கையும் காலும் சற்று நீலமாகவே இருக்கும் என்பதால், 10 கிடைப்பது அரிது. இந்தப் புள்ளி, அந்த நிமிடத்தில் குழந்தைக்கு மூச்சு உதவி தேவையா என்பதைத் தாதியும் வைத்தியரும் அறிவதற்காக இடப்படுவது. பிள்ளை பின்னர் எப்படிப் படிக்கும் என்பதை அது சொல்லாது. பாடசாலையில் பிள்ளை பின்தங்கினால் அந்தப் பழைய எண்ணைக் காட்டி வருந்தும் தாய்மார் இதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

இதே குழந்தையின் இடது தோளில் இன்னும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. காசநோய்க்கு எதிராகப் பிறந்த உடனே ஏற்றப்படும் பிசிஜி ஊசியில், சி என்பது கல்மெட் என்ற வைத்தியரையும், ஜி என்பது கெரான் என்ற மிருக வைத்தியரையும் குறிக்கிறது. பிரான்சின் லீல் நகரில் 1908 தொடக்கம் 13 ஆண்டுகள், மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரும் உருளைக்கிழங்கும் சேர்ந்த ஊடகத்தில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் தீங்கை அவர்கள் தணித்தார்கள். 1921இல் பாரிஸில் முதன்முதலாக அது கொடுக்கப்பட்ட குழந்தையின் தாய், பிரசவத்தின் பின் காசநோயால் இறந்துபோனவர். லயத்தில் ஒரே அறையில் பலர் உறங்கும் குடும்பங்களுக்கு இந்த ஊசி எவ்வளவு அவசியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊசி போட்ட இடத்தில் தழும்பு தோன்றவில்லை என்றால் உங்கள் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தரும் போலிக் அமில மாத்திரைக்கும் ஒரு வைத்தியர் பெயர் இருந்ததா?

இருந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் 1928 முதல் பம்பாயில், துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் கடுமையான இரத்தச்சோகையை ஆராய்ந்தார். அவர்கள் உண்ட உணவைக் கவனித்து, அதில் ஏதோ ஒன்று குறைகிறது என்று கருதி, ஈஸ்ட் சாறான மார்மைற்றைக் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் தேறினார்கள். அந்த அறியப்படாத பொருளை நெடுங்காலம் வில்ஸ் காரணி என்றார்கள். பின்னர் அது போலிக் அமிலம் என்று தெரியவந்ததும் அவர் பெயர் வழக்கில் இருந்து மறைந்தது. உழைத்துக் களைத்த பெண்களின் வெளிறிய முகத்தை அவர்களின் தலைவிதி என்று விட்டுவிடாமல், தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் அவர். தோட்டத்துக் கர்ப்பிணி ஒருவர் கிளினிக்கில் பெறும் அந்தச் சிறு மாத்திரையின் பின்னால் அந்த வேலை இருக்கிறது. மாத்திரையைப் பெற்று வந்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

பெயருக்கு உரியவர்தான் உண்மையில் முதலில் கண்டவரா?

பல வேளைகளில் இல்லை. முகவாதத்தைப் பெல்லுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீக வைத்தியர் அல் ராஸி எழுதியிருக்கிறார். தைரொயிட்டுச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்து, கழுத்து வீங்கிக் கண்கள் பிதுங்கும் நோய்க்கு ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் கிரேவ்ஸ் என்று பெயர். அவர் டப்ளினில் 1835இல் எழுதினார். 1840இல் எழுதிய பாசெடோவின் பெயரையே ஜேர்மனியர் சொல்கிறார்கள். இவ்விருவருக்கும் முன்பே எழுதி, இறந்த பின் 1825இல் அச்சேறிய பாரி என்பவரின் பெயர் ஏறத்தாழ மறக்கப்பட்டது. குடலில் புண் உண்டாக்கும் குரோன் நோயை 1932ஆம் ஆண்டு விவரித்த கட்டுரையில் குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் என மூவர் இருந்தனர்; ஆங்கில அகரவரிசையில் முதலில் வந்ததால் குரோனின் பெயர் நிலைத்தது.

நேர்மையாக நடந்தவர்களும் உண்டு. நிணநீர்க்கணு வீக்கத்தைத் தாமே கண்டறிந்ததாக 1856இல் எழுதிய சாமுவேல் வில்க்ஸ், 1832லேயே தோமஸ் ஹொட்ஜ்கின் அதை எழுதியிருந்ததை அறிந்ததும், 1865இல் ஹொட்ஜ்கினின் பெயரையே அந்த நோய்க்கு இட்டார். தம் பெயருக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்த அவரை மருத்துவ மாணவர்கள் ஹொட்ஜ்கினுக்கு இணையாக நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

என் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம். அந்தச் சொல் பிள்ளை தாழ்ந்தது என்று சொல்கிறதா?

இல்லவே இல்லை. டவுன் என்பது ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கில வைத்தியரின் குடும்பப் பெயர். ஆங்கிலம் சிறிது தெரிந்த அயலவர் ஒருவர் அந்தச் சொல்லுக்குக் கீழே என்று பொருள் சொல்லி, ஒரு தாயின் மனதைப் புண்படுத்துவது நடக்கிறது. ஆகவே இதை உறுதியாக அறிந்துகொள்ளுங்கள்.

டவுன் 1866இல் இந்தப் பிள்ளைகளின் தோற்றத்தை விவரித்தபோது, அக்கால இனக் கொள்கைகளைப் பின்பற்றி, ஆசியாவின் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை அவர்களுக்கு இட்டார். அது அறிவியலாகவும் தவறு, இரண்டு தரப்புக்கும் அவமதிப்பு. 1959இல் பிரான்சில் லெஜூன், மார்த் கோட்டியே, டுர்ப்பான் ஆகியோர் இந்தப் பிள்ளைகளின் உயிரணுக்களில், பரம்பரை இயல்புகளைத் தாங்கும் இழைகளான நிறமூர்த்தங்களுள் 21ஆவது, இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதை வெளியிட்டனர். உயிரணுக்களை வளர்த்தெடுக்கும் கடினமான வேலையைச் செய்த கோட்டியேயின் பெயர் அந்தக் கட்டுரையில் பிழையாகவே அச்சாகியது. 1961இல் விஞ்ஞானிகள் பலர் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதிப் பழைய பெயரைக் கைவிடக் கோரினர். 1965இல் மொங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று உலக சுகாதார நிறுவனமும் அதைக் கைவிட்டது. மார்ச் 21ஆம் திகதி இவர்களுக்கான உலக தினமாக இருப்பது, மூன்று 21ஆம் நிறமூர்த்தங்களை நினைவூட்டுவதற்காகவே.

பெற்றோர் செய்த பாவமோ, கிரகண காலத்தில் தாய் வெளியே போனதோ இதற்குக் காரணம் அல்ல. பிள்ளையின் இதயத்தையும் தைரொயிட்டையும் செவிப்புலனையும் ஒழுங்காகப் பரிசோதித்து, பேச்சுப் பயிற்சியையும் உடற்பயிற்சியையும் முடிந்தவரை முன்கூட்டித் தொடங்குங்கள். பிள்ளையை விருந்தினர் வரும்போது உள் அறையில் இருத்தாதீர்கள்.

தொழுநோயை ஹன்சன் நோய் என்று சொல்வது ஏன்?

இங்கே மனிதரின் பெயர் நோயாளிக்கு ஒரு நன்மை செய்கிறது. பழைய பெயரோடு ஊரை விட்டு ஒதுக்கும் வழக்கமும் ஒட்டியிருப்பதால், நோர்வேயின் பேர்கன் நகரில் 1873இல் அந்த நோயின் கிருமியைக் கண்ட ஆர்மவர் ஹன்சனின் பெயரைப் பலர் விரும்புகிறார்கள். அது பரம்பரைச் சாபம் என்ற எண்ணத்தை உடைத்தவர் அவர். ஆனால் அதே ஹன்சன், கிருமி தொற்றுவதை நிரூபிக்கும் ஆவலில், சம்மதம் கேளாமல் ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில் நோய்ப்பொருளை ஏற்றினார். 1880இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு, வைத்தியசாலைப் பதவியில் இருந்து நீக்கியது. அந்தப் பெண் அடைந்த அநீதியை மறைத்து அவரைப் போற்ற முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

தோலில் நிறம் வெளிறிய, தொட்டால் உணர்வு தெரியாத ஒரு படை இருந்தால் காட்டுங்கள். 6 அல்லது 12 மாத கால இலவச மருந்தால் இந்த நோய் முற்றிலும் குணமாகும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும்.

ஒருவர் பெயரை நோயில் இருந்து நீக்கியது உண்டா?

உண்டு. இரத்தக் குழாய்களை அழற்சியுறச் செய்யும் ஒரு நோய்க்கு இருந்த வெகெனர் என்ற பெயர், அவர் ஹிட்லரின் நாசிக் கட்சியில் இருந்தது வெளிவந்த பின் 2011இல் மருத்துவச் சங்கங்களால் மாற்றப்பட்டது. கைதிகள் மீதான சோதனைகளில் பங்கு கொண்ட ரைட்டரின் பெயரும் ஒரு மூட்டு நோயில் இருந்து விலக்கப்பட்டது. பழைய அட்டையில் ஒரு பெயரும் புதிய அட்டையில் வேறொரு பெயரும் இருந்தால், புது நோய் வந்துவிட்டது என்று அஞ்சாமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ செய்த வேலையால் வந்த பெயர்கள் உள்ளனவா?

இத்தாலியரான அல்டோ கஸ்தெல்லானி 1903 முதல் 1915 வரை கொழும்பில் பணியாற்றினார். தோலில் புண்களை உண்டாக்கும், இந்நாட்டில் பறங்கி என்று அறியப்பட்ட யோஸ் நோயின் கிருமியை அவர் 1905இல் இங்கேயே கண்டறிந்தார். தோல் பங்கசுக்குப் பூசும் செந்நிறத் திரவம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா நோயின் கிருமியை 1903இல் இருவர் தனித்தனியே விவரித்தனர். ஒருவர் லீஷ்மன், மற்றவர் மதராஸ் பொது வைத்தியசாலையில் பணியாற்றிய சாள்ஸ் டொனோவன். இருவருக்கும் பெருமை சேர வேண்டும் என்று, மலேரியா ஆய்வில் புகழ்பெற்ற ரொனால்ட் ரோஸ் அந்தக் கிருமிக்கு இரு பெயர்களையும் இணைத்து இட்டார். இலங்கையில் ஆறாத தோல் புண்ணாக வருவதும் அதே டொனோவன் பெயர் கொண்ட கிருமியால்தான்.

நோயாளியின் பெயர் வைக்கப்படுவதில்லையா?

மிக அரிதாக. இரத்தம் உறையாத நோயின் ஒரு வகை, ஸ்டீபன் கிறிஸ்மஸ் என்ற சிறுவனில் 1952இல் விவரிக்கப்பட்டதால் கிறிஸ்மஸ் நோய் எனப்பட்டது. பண்டிகைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அவர் தமக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தால் எய்ட்ஸ் தொற்றி 1993இல் காலமானார். அல்சைமர் நோயின் பின்னால் ஒகுஸ்ட டேட்டர் என்ற ஜேர்மன் பெண் இருக்கிறார். 1901இல், 51 வயதில், ஞாபகம் குலைந்து பிராங்பேர்ட் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட அவரிடம் அலொய்ஸ் அல்சைமர் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன விடைகளும் அடங்கிய கோப்பு, காணாமற் போய் 1995இல் மீண்டும் கிடைத்தது. அவர் இறந்த பின் அவரது மூளையில் கண்டவற்றை அல்சைமர் 1906இல் அறிவித்தார். இவர்கள் உடலால் கொடுத்ததை வைத்தியர் எழுத்தால் கொடுத்தார்; பெயர் மட்டும் ஒரு பக்கமே சேர்ந்தது.

ஒரே வைத்தியரின் பெயரில் இரண்டு நோய்கள் இருக்குமா?

இருக்கும், அதனால் தவறுகளும் நேரும். ஜேம்ஸ் பஜெட் 1874இல் மார்புக் காம்பில் படை போல வரும் ஒரு புற்றுநோய் அறிகுறியையும், 1877இல் எலும்பு தடித்து வளையும் ஒரு நோயையும் விவரித்தார். இரண்டும் பஜெட் நோய்தான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே தொலைபேசியில் உறவினருக்குச் சொல்லும்போது பெயரை மட்டும் சொல்லாமல், உடம்பின் எந்த இடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இணையத்தில் பெயரை மட்டும் தேடிப் பார்த்து வேறொரு நோயின் படங்களைக் கண்டு கலங்குவதும் இப்படித்தான் நடக்கிறது.

பெயரைக் கேட்ட பின் வைத்தியரிடம் வேறு என்ன கேட்க வேண்டும்?

இந்த நோய் என் உடம்பில் எந்த இடத்தைப் பாதிக்கிறது, இது முற்றாகக் குணமாகுமா அல்லது மருந்தோடு கட்டுப்பாட்டில் வைக்க வேண்டியதா, எந்த அறிகுறி வந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வர வேண்டும், வீட்டில் வேறு யாரையும் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். சிங்களமோ ஆங்கிலமோ தடையாக இருந்தால், உள்ளே போகும் முன்பே தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ விசாரித்து வையுங்கள், அல்லது விளக்கமாகப் பேசக்கூடிய ஒருவரை வீட்டில் இருந்து அழைத்துச் செல்லுங்கள். பாடசாலைப் பிள்ளையைக் கொண்டு பெரிய நோயின் செய்தியை மொழிபெயர்ப்பிக்க வேண்டாம். நோயின் பெயரை எழுத்துப் பிசகாமல் ஒரு கொப்பியில் எழுதித் தரும்படி கேட்பதில் தயக்கம் தேவையில்லை. அட்டையின் இரு பக்கங்களையும் படம் எடுத்து வீட்டில் இருவரின் தொலைபேசியிலாவது வைத்திருந்தால், மழையில் அட்டை நனைந்து போனாலும், இரவில் வேறு வைத்தியசாலைக்குக் கொண்டு போக நேர்ந்தாலும், அங்குள்ளவர்கள் சிகிச்சையை முதலில் இருந்து தொடங்க வேண்டியிராது.